டவுன் நாக்கு

ரெபேக்காளுக்குப் பெருமை வந்துவிட்டால் அதை மூடி வைக்கத் தெரியாது. மகள் பிரிசில்லா செங்கல்பட்டில் நர்சாகச் சேர்ந்த அன்றைக்கு, கடப்பாக்கம் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். சொல்லட்டுமே! தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கழனியில் குனிந்தே கிடந்த குடும்பத்தில், முதன்முதலாக ஒருத்தி வெள்ளை உடுப்பில் நிமிர்ந்து நடக்கிறாள். இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

அந்த மகளிடம் அவளுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். லீவுக்கு வரும்போதெல்லாம் வீட்டுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள்.

"இன்னாமா இது, இப்படி உப்பு கரிக்குது?"

"பொறந்ததுலேர்ந்து இதத்தான குடிச்ச? டவுன் தண்ணி உள்ள போனதும் நாக்கு மாறிப்போச்சா?" என்று ரெபேக்காள் எரிந்து விழுவாள். பக்கத்து வீட்டுச் செங்கம்மாளிடம் போய், "எங்க வூட்டு மகாராணிக்கு டவுன் நாக்கு வந்துட்ச்சி" என்பாள். கேலிபோலத்தான் சொல்வாள், ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும். தண்ணீரைக் குறை சொன்னால், அதை ஊற்றி வளர்த்தவளையே குறை சொன்ன மாதிரி அவளுக்கு.

சுனாமி வந்துபோன மறுமாதம். அலை, காலனி வீடுகளை விட்டுவிட்டு, கடல் பக்கமிருந்த குடிதண்ணீர்க் கிணற்றில் மட்டும் இறங்கிவிட்டுப் போயிருந்தது. மோட்டார் வைத்து இறைத்தார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், மறுபடியும் இறைத்தார்கள். ஊறி வந்த தண்ணீரை ஆளாளுக்கு வாயில் விட்டுப் பார்த்து, பழைய தண்ணீரேதான் என்று தலையாட்டினார்கள். லாரித் தண்ணீர் தெருமுனை டேங்கில் நிறைந்துதான் இருந்தது. அதில் மருந்து வாடை அடிக்கிறதாம். குடிக்கக் கிணற்றுக்கே போனார்கள்.

பின்னாலேயே வயிற்றுப்போக்கு வந்தது. ரெபேக்காள் களத்தில் இறங்கினாள். மகள் முன்பே சொல்லிக் கொடுத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தண்ணீரைக் கொதிக்க வை, ஆறவிட்டு அளவாக உப்பும் சர்க்கரையும் போடு, நாக்கில் விட்டுப் பார், கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. இப்போது பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற கை அல்லவா, பெரிய குண்டானையே அடுப்பில் ஏற்றினாள். நர்சைப் பெற்றவள் காய்ச்சிய தண்ணீரில் ஒரு பூச்சிகூட உயிரோடு இருக்கக் கூடாதென்று, பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சினாள். உப்பும் சர்க்கரையும் கலந்து நாக்கில் விட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது. "நர்சம்மா வூட்டுத் தண்ணி" என்று தெருவுக்கே ஊற்றினாள்.

பெரியவர்கள் எப்படியோ தேறிக்கொண்டார்கள். எதிர்வீட்டு மார்கரெட்டின் பிள்ளை ஆல்வின் தேறவில்லை. இரண்டு வயசு. ஊற்ற ஊற்றக் குடித்தான், குடித்துவிட்டு இன்னும் தாகம் என்று அழுதான். மறுநாள் அழக்கூடத் தெம்பில்லாமல் தாய் மடியில் துவண்டு கிடந்தான். "இன்னும் குடு, வுடாத" என்று ரெபேக்காள் டம்ளரும் கையுமாகக் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியான பஸ்ஸில் பிரிசில்லா வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் மார்கரெட் வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். நாக்கு வறண்டிருந்தது. வயிற்றுத் தோல் பிசைந்த மாவுபோல் கைக்கு அகப்பட்டது.

"இன்னா குடுக்கறீங்க?"

"நீ சொன்னதத்தான்டி. பிசகாம செஞ்சிகினு கீறேன்."

பிரிசில்லா டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். குடித்த வேகத்தில் வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

அங்கே நின்றிருந்த செங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரெபேக்காளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலு பேரு எதிர்ல துப்புறியா? ஒன் டவுன் நாக்க இங்க காட்டாத!"

"அம்மா, இது கண்ணீரு இல்லமா, கடலு!"

கிணற்றுத் தண்ணீரைத் தனியாகக் கேட்டு வாங்கி அதையும் குடித்துப் பார்த்தாள். "இதுலயே உப்பு ஏறிக் கீது. பழகின வாய், உங்களுக்குத் தெரியல. அத சுண்டக் காய்ச்சினா தண்ணிதான் ஆவியாப் போவும், உப்பு அப்படியே நிக்கும். அதுக்கு மேல நீ வேற உப்பு போட்ட."

"உப்பு நல்லதுன்னு நீதான சொன்ன?"

பிரிசில்லா பையிலிருந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து, லாரித் தண்ணீரில் கரைத்துக்கொண்டே பேசினாள்.

"அளவா இருந்தா நல்லதுமா. கொடலு சுவரு பூரா கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ரூமுங்க. ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசா ஒரு சவ்வு, அதுல வாசலு. உப்பும் சக்கரையும் ஜோடியா வந்தா உள்ள வுடும். அதுங்க பின்னாலயே தண்ணியும் போவும்."

"பொண்ணு மாப்ள சர்ச்சுக்குள்ள போனா, ஊரே பின்னால போற மாதிரி" என்று ரெபேக்காள் முணுமுணுத்தாள். கோபத்திலும் அவளுக்குப் புரிகிறது!

"அதேதான். ஆனா உப்பு எந்தப் பக்கம் அதிகமோ, தண்ணி அந்தப் பக்கம் ஓடிடும். கொழந்த ஒடம்புல ரூமுக்குள்ள கீற தண்ணியெல்லாம் வெளிய வந்துகினு கீது. மீனுக்கு உப்பு போட்டா தண்ணி வுடுதுல்ல?"

ரெபேக்காள் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ ஏசப்பா... கொழந்தயக் கருவாடு போட்டுகினு கீறேனா நானு?"

நிவாரண ஜீப் ஒன்று தெருமுனையில் நின்றிருந்தது. பிரிசில்லா மார்கரெட்டையும் பிள்ளையையும் அதில் ஏற்றி, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியபடியே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். ஏறும்போது தெருவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் அம்மா ஊற்றிய அதே தண்ணீர் இருந்தது.

"நீ போ. அத நான் பாத்துக்கறேன்" என்றாள் ரெபேக்காள்.

குண்டானை இழுத்துவந்து நடுத்தெருவில் கவிழ்த்தாள். அப்புறம் வீடு வீடாக ஏறினாள். "நான் குடுத்த தண்ணியக் கொட்டுங்க. கெணத்துத் தண்ணிய யாரும் வாயில வைக்காதீங்க. நான் பண்ணது தப்பு, எம்பொண்ணு கண்டுபுடிச்சிட்டா." முந்தின நாள் எந்தக் குரலில் தன்னைப் பீற்றிக்கொண்டாளோ, அதே குரலில்தான் இதையும் சொன்னாள். தாழ்த்திப் பேச அவளுக்கு வராது. கொட்ட மறுத்தவர்கள் வீட்டில் அவளே உள்ளே போய்ச் செம்பைத் தூக்கிக் கொட்டினாள்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் மார்கரெட் முகத்தில் எப்படி விழிப்பது என்ற ஒரே பயம்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜீப் திரும்பி வந்தது. மார்கரெட்டின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய ஆல்வின், ரெபேக்காளைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு தாயின் பின்னால் ஒளிந்தான். தெருவே சிரித்தது. ரெபேக்காள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

லாரி டேங்கில் குடம் பிடித்துக்கொண்டிருந்த செங்கம்மாளுக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னா ரெபேக்கா, மகாராணிக்கு டவுன் நாக்குன்னு நீதான மூக்க சிந்துவ?"

ரெபேக்காள் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள். எல்லோரும் பார்க்க மகளிடம் நீட்டி, அவள் குடித்துவிட்டுச் சரி என்று தலையாட்டும்வரை காத்திருந்தாள். அப்புறம்தான் செங்கம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, டவுன் நாக்குதான். அந்த நாக்கு வரணும்னுதான் நான் சேத்துல நின்னு நாத்து நட்டேன்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.