பெல்ட் கிடந்த இடம்

சிறுமியின் சட்டையை லேசாகத் தூக்கியதும் டேப் அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. தொப்புளுக்கு ஒரு விரல்கடை மேலே, வயிற்றின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கன்றிப்போன ஒரு பட்டை. தோளில் ஒன்றுமில்லை. கழுத்தோரம் ஒரு கீறல்கூட இல்லை.

டேப் அக்கா என்பது நர்ஸுகள் வைத்த பெயர். விபத்தில் அடிபட்டு அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் சீட் பெல்ட் போட்டிருந்தார்களா, எப்படிப் போட்டிருந்தார்கள், அது உடம்பில் எங்கே பதிந்தது என்று கேட்டு, அளந்து, எழுதிக்கொள்வது அவள் வேலை. இரண்டு வருடமாக ஓர் ஆய்வுக்காகச் செய்துகொண்டிருக்கிறாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். "சட்டை தைக்கக் குடுக்கறவங்கல்லாம் வரிசையா வாங்க" என்று நர்ஸுகள் கிண்டலடிப்பார்கள். இந்த இரண்டு வருடத்தில் அவள் கற்றுக்கொண்டது, வாய் சொல்வதும் உடம்பு சொல்வதும் எல்லா நேரமும் ஒத்துப்போகாது என்பதுதான். பெல்ட்டைத் தொடாதவர்கள்கூடப் போட்டிருந்ததாகச் சத்தியம் செய்வார்கள். இரண்டையும் படிவத்தில் அதனதன் கட்டத்தில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை.

சிறுமிக்கு எட்டு வயது. குறுக்கே வந்த பைக்குக்காக அப்பா காரைத் திருப்பியதில், நேற்று மாலை கார் சுவரில் மோதியிருந்தது. அப்பாவுக்கு நெற்றியில் நாலு தையல். சிறுமியை ஒரு ராத்திரி கண்காணிப்பில் வைத்திருந்துவிட்டு, காலையில் டூட்டி டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். சித்தி பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். வெளியூர் வேலைக்குப் போயிருந்த அம்மா ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

"பெல்ட்டை எப்படிடா கண்ணு போட்டிருந்தே?"

சிறுமி அப்பாவைப் பார்த்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

"ஒழுங்காத்தான் போட்டிருந்தா. நானே மாட்டிவிட்டேன். பதினஞ்சு வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டறேன், எனக்குத் தெரியாதாங்க?"

"மேல் பட்டை தோள் மேலதான் இருந்துச்சா?"

"தோள் மேலதான்."

வழக்கமாக இந்த இடத்தில் பேனா ஓடிவிடும். இன்றைக்கு ஓடவில்லை. போன வருடம் இதே உயரத்தில், இதே பட்டையோடு ஒரு பையனை அளந்திருந்தாள். மில்லிமீட்டர் பிசகாமல் எழுதினாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளாகவும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தபோது, செய்வதற்கு யாருக்கும் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

"காலைல என்ன சாப்பிட்டே?"

"வேணாம்னுட்டேன்" என்றாள் சிறுமி. கட்டில் விளிம்பில் முன்னால் கூனியபடியே உட்கார்ந்திருந்தாள்.

"பயந்துபோயிருக்கா. வீட்டுக்குப் போனா சாப்பிடுவா" என்று சித்தி ஜிப்பை இழுத்தாள்.

டூட்டி டாக்டரின் மேசைக்கு முன்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவள் வயிற்றுப் பட்டையைப் பற்றிச் சொன்னபோதும் அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"நானே அழுத்திப் பாத்தேன். வயிறு மெத்துனுதான் இருக்கு."

"எப்போ சார்?"

"ஏழு மணிக்கு."

"இப்போ பதினொண்ணு சார். இன்னொரு தடவை..."

"மேடம், மேல் பட்டை தோள்ல இருந்துச்சுன்னு அவங்க அப்பாவே சொல்லியிருக்காரு. வெளிக் காயம்தான் அது. நீங்க அளக்கறதோட நிறுத்திக்குங்க."

அவள் காது மடல் சுட்டது. ஆக, அந்த ஒரு பொய் அவளுடைய கட்டத்தோடு நிற்கவில்லை. டாக்டரின் ஃபைலுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. தாழ்வாரத்தில் ஓடினாள். லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரம் கையைக் குறுக்கே விட்டாள். உள்ளே சிறுமி சித்தியின் இடுப்பில் சாய்ந்து நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"சார், ஒரே நிமிஷம். வெளிய வாங்க."

அப்பா எரிச்சலோடு வெளியே வந்தார். சித்தி லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் போலீஸ் இல்ல. இந்தத் தாள்ல உங்க பேர்கூடக் கிடையாது. மேல் பட்டை எங்க இருந்துச்சு?"

"அதான் சொன்னேனே!"

"தோள்ல அடையாளமே இல்ல சார். அது முதுகுக்குப் பின்னாடி கிடந்திருந்தா, மொத்த இடியையும் வயிறுதான் வாங்கியிருக்கும். உள்ள குடல் கிழிஞ்சிருந்தா உடனே வெளிய தெரியாது. தெரியும்போது..." கழுத்து நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டாள். "எனக்கு உங்க மேல கோவமில்ல. நீங்க சொன்னதை நம்பித்தான் டாக்டர் அவளை அனுப்பறாரு."

அவர் சுவரைப் பார்த்தார். தையல் போட்ட நெற்றி வியர்த்திருந்தது.

"கழுத்தை அறுக்குதுப்பான்னு அழுதா" என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தான் எடுத்துப் பின்னாடி விட்டேன். உயரம் பத்தல, தூக்கி உக்கார வைக்கிற சீட் ஒண்ணு வாங்கிப் போடுங்கன்னு அவ அம்மா எத்தனையோ தடவை சொன்னா. ஊரான் பிள்ளைங்களையெல்லாம் பெல்ட்டைப் போடு பெல்ட்டைப் போடுன்னு கத்தறவன் நான். அவ முகத்துல எப்படிங்க முழிப்பேன்?"

"அது அப்புறம். முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க."

பத்துப் பேரையும் விலக்கிக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் போய் நின்று சொன்னார். எல்லார் காதிலும் விழுந்தது. டாக்டர் பேனாவை மூடாமலே எழுந்தார்.

இந்தத் தடவை வயிற்றை அழுத்தியபோது சிறுமி வீறிட்டாள். ஸ்கேன் எடுத்தார்கள். குடலில் ஓர் ஓட்டை. ஒரு மணிக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே போகும் முன் டாக்டர் டேப் அக்காவின் அருகே ஒரு கணம் நின்றார். "உங்க பழைய கேஸ் ஃபைல் எல்லாத்தையும் எனக்குக் காட்டுங்க" என்றார். பிழைத்துவிடுவாளா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அம்மா வந்தாள். பையின் சக்கரம் ஒன்று கழன்று, தரையில் கரகரவென்று இழுபட்டது. டேப் அக்கா கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். பேச்சு எதுவும் கேட்கவில்லை. அப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார். பிறகு வலது கையைத் தன் இடது தோளில் வைத்தார். அங்கிருந்து எதையோ பிடித்துத் தூக்குவதுபோல் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் விட்டார். போன கை அங்கேயே நின்றது. அம்மா பையின் பிடியை விடாமல், அந்தக் கை திரும்பி முன்னால் வருகிறதா என்று பார்ப்பவள் போல, அவர் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.