பதினோராவது வரி

விசிறி சுற்றியது. பெட்டியின் முன்பக்கத்துப் பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

லிஃப்ட்காரன் மேசைக்கடியில் மண்டியிட்டு மானிட்டர் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினான். பயனில்லை. பெட்டியின் முதுகில் கேபிளுக்கு இரண்டு துளைகள் இருந்தன. மேலே இருந்தது மதர்போர்டின் சொந்தத் துளை. கீழே இருந்தது தனியாகச் செருகிய கிராஃபிக்ஸ் கார்டின் துளை. கார்டிலிருந்து கேபிளை எடுத்துப் போர்டில் வைத்துப் பார்த்தான். அங்கேயும் கறுப்பு. ஆக, கார்டின் மேல் தப்பில்லை என்று முடிவுகட்டினான். அந்த முடிவு அவனுடைய ஒரு மணி நேரத்தைத் தின்றது.

மணி பதினொன்று இருபது.

கம்ப்யூட்டர் அவன் அக்காவுடையது. அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு மருத்துவமனைக்கு வரும் முன்பதிவு அழைப்புகளை வீட்டிலிருந்தபடியே எடுப்பது அவள் வேலை. திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் ஹெட்போனில் வாசித்துச் சொல்லும். அவள் விரல்கள் கீபோர்டில் ஓடும். இன்று மதியம் இரண்டு மணி ஷிஃப்டிலிருந்து, பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டர்களை மருத்துவமனையின் சர்வர் உள்ளே விடாது. உள்ளே வராதவரின் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். ஆறு வாரத்துக்கு முன்பே கடிதம் வந்துவிட்டது. புதிய கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்ற அக்காவிடம், "எதுக்குக்கா? ப்ராசசர் நல்லாத்தான இருக்கு. புது சிஸ்டம் நான் ஏத்தித் தர்றேன்" என்று மார்தட்டியவன் இவன்தான். அப்புறம், அவன் பழுதுபார்க்கும் லிஃப்டுகளெல்லாம் பேசிவைத்தாற்போல் கெட்டு நின்றன. வேலை கடைசி நாளில் வந்து நின்றது.

காலையில், புதிய சிஸ்டத்துக்குக் கம்ப்யூட்டரின் தகுதி பார்க்கும் புரோகிராமை ஓட்டியபோது, மேலேயே மூன்று சிவப்பு வரிகள் தெரிந்தன: மெமரி போதாது, பாதுகாப்புச் சிப் அணைந்திருக்கிறது, தொடங்கும் முறை பழையது. மெமரி ஒன்று கூடுதலாகச் செருகினான். சிப்பை, மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் செட்டப் திரையில் முடுக்கிவிட்டான். மூன்றாவதுதான் நுணுக்கமான வேலை. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் கண்விழிப்பது மதர்போர்டில் குடியிருக்கும் ஒரு சின்ன புரோகிராம். அது மற்ற உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பும். டிஸ்கில் சிஸ்டம் எங்கே என்று தேடும். கண்டதும் சாவியை அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இதற்குப் பழைய முறை ஒன்று, புதிய முறை ஒன்று. டிஸ்கின் பகுப்பும் அந்தந்த முறைக்கு ஏற்றபடி இருக்கவேண்டும். உள்ளே இருப்பது எதுவும் அழியாமல் டிஸ்கைப் புதிய பகுப்புக்கு மாற்றினான். செட்டப்பிலும் 'புதிய முறை மட்டும்' என்று வைத்துச் சேமித்தான். கறுப்பு அப்போது வந்ததுதான்.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"போர்டுல பட்டன் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும் பாருங்க. அதக் கழட்டி அஞ்சு நிமிஷம் வைங்க. செட்டிங் பூராவும் பழையபடி ஆயிடும்" என்றார் அவர்.

"டிஸ்கைப் புது முறைக்கு மாத்திட்டேனே. செட்டிங் பழசாச்சுன்னா டிஸ்க் தெரியுமா?"

"தெரியாம போனாலும் போகும். துடைச்சிட்டு முதல்லேருந்து போட்டுக்கலாம். சாயந்திரமா கொண்டு வாங்க."

"சாயந்திரம் வேலைக்கு ஆகாது சார்."

"அப்ப உங்க இஷ்டம்."

லிஃப்ட்காரன் ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேட்டரியின் விளிம்பில் வைத்தான். நெம்பவில்லை. புதிய சிஸ்டம் ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். பன்னிரண்டரைக்குள் தொடங்காவிட்டால் கதை முடிந்தது.

அக்கா சுவரைத் தொட்டபடி உள்ளே வந்தாள்.

"என்னடா, உன் சத்தத்தையே காணோம். போய்ச் சேர்ந்துடுச்சா?"

"விசிறி ஓடுதுக்கா. படம்தான் வரல."

"படமா? எனக்கு எதுக்குடா படம்? பேசுதா இல்லையா, அதச் சொல்லு."

ஹெட்போன் கைக்கு இடைஞ்சல் என்று காலையிலேயே பிடுங்கிக் கட்டிலில் எறிந்திருந்தான். எடுத்து வந்து செருகினான். அக்கா காதில் மாட்டிக்கொண்டு ஒரு பட்டனை அழுத்திப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"பாஸ்வேர்டு கேக்குதுடா. எவ்வளவு நேரமா கேட்டுட்டு நிக்குதோ, பாவம். நீ எத்தனை தடவை பவரைப் பிடுங்கினே?"

"நாலு."

"உள்ள ஆள் இருக்கறப்ப லிஃப்டையும் இப்படித்தான் நிறுத்துவியா?"

"அந்தத் தகுதி பார்க்கறத மறுபடி ஓட்டுக்கா. காலைல பார்த்த மூணும் சரியாயிடுச்சான்னு சொல்லு."

அவள் விரல்கள் ஓடின. ஹெட்போனிலிருந்து கசிந்த குரல் கொதிக்கும் எண்ணெய் போலப் பொரிந்தது; அவ்வளவு வேகத்தில் அவனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள்தான் திருப்பிச் சொன்னாள்.

"மெமரி சரி. சிப் சரி. தொடங்கற முறை சரி. டிஸ்க் இடம் சரி..." போய்க்கொண்டே இருந்தாள். திடீரென்று நிறுத்தினாள். "பதினோராவது வரி. கிராஃபிக்ஸ் கார்டு, தகுதி இல்லை."

"அப்படி ஒரு வரியே இல்லையேக்கா."

"காலைல எத்தனை வரி படிச்சே?"

"சிவப்பா இருந்தது மூணும் மேலயே இருந்துச்சு."

"நீ கீழ இறக்கிப் பார்க்கலை. எனக்கு அந்த வசதி கிடையாதுடா, கடைசி வரைக்கும் கேட்டே தொலைக்கணும்."

அவன் அந்தக் கார்டை உற்றுப்பார்த்தான். பெட்டியைவிட வயதில் மூத்தது. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, சும்மா கிடக்கிறதே என்று அவனே கழற்றி வந்து செருகியது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. போர்டு எழுப்பும்போது பதில் சொல்ல ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு குட்டிப் புரோகிராம் உண்டு. இந்தக் கிழட்டுக் கார்டுக்குப் பழைய முறை மட்டுமே தெரியும். புதிய முறையில் அழைத்தால் அது ஊமை. போர்டு அதை விட்டுவிட்டு மேலே போய்விடுகிறது, சிஸ்டமும் ஏறிவிடுகிறது, படம் போட ஆளில்லை. அப்படியானால் போர்டின் சொந்தத் துளையிலும் ஏன் கறுப்பு? தனிக் கார்டு ஒன்று செருகியிருக்கும்வரை இந்தப் போர்டு தன் துளையை மூடியே வைத்திருக்கும். காலையில் அவன் கேபிளைத்தான் மாற்றினான், கார்டை எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் போர்டே படம் போடும், அதற்குத் தகுதியும் உண்டு.

"படம் வந்தே ஆகணும்க்கா. சிஸ்டம் ஏறுறப்ப உனக்கு வாசிக்கற ஆள் பேச மாட்டான். நான்தான் படிச்சுச் சொல்லணும்."

"இரு. ஒழுங்கா நிறுத்தறேன்." நான்கு பட்டன் தட்டினாள். விசிறி ஓய்ந்தது. "இப்பப் பிடுங்கு."

திருகைக் கழற்றினான். கார்டின் வாலைப் பிடித்திருந்த கொக்கியை விரலால் அழுத்தினான். தூசியில் இறுகி அசைய மறுத்தது. நகம் மடங்கியது. இரண்டாம் முறை கார்டு கையோடு வந்தது. கேபிளைப் போர்டின் துளையில் இறுக்கினான். பன்னிரண்டு பத்து. பட்டனை அழுத்தினான்.

ஒன்று, இரண்டு, மூன்று. கறுப்பு. ஏழு, எட்டு. திரையின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளிவட்டம் சுழன்றது.

"வந்துடுச்சுக்கா."

"கொண்டாடறத அப்புறம் வச்சுக்கோ, ஏத்து."

அறுபத்திரண்டு சதவீதத்தில் பதினாறு நிமிடம் நின்றது. லிஃப்ட்காரனின் கை தன்னையறியாமல் பவர் பட்டன் பக்கம் போயிற்று. அவன் சட்டை உரசும் சத்தம் கேட்டு, "தொடாதே" என்றாள் அக்கா. தொடவில்லை. அறுபத்துமூன்று ஆயிற்று. ஒன்று நாற்பத்தெட்டுக்கு ஹெட்போனில் குரல் பொரிந்தது. ஒன்று ஐம்பத்தாறுக்கு மருத்துவமனையின் சர்வர் அவள் எண்ணைக் கேட்டது, சரிபார்த்தது, உள்ளே விட்டது. இரண்டு மணிக்கு, "வணக்கம், முன்பதிவுப் பிரிவு" என்றாள்.

லிஃப்டைப் பழுதுபார்ப்பவர்கள், அடுத்துத் திறப்பவருக்காக அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓர் அட்டையில் குறிப்பெழுதி வைப்பார்கள். பழக்கதோஷம், அவன் ஓர் அட்டையை வெட்டி எழுதி, கம்ப்யூட்டர் மூடியின் உட்புறம் ஒட்டினான்:

புதிய தொடக்க முறையில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு படம் தராது. கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகவும்.