பசைக் கொக்கி

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சுவரில் ஒரு ஆணி அடிக்கத் துப்பில்லை. செருப்பு பிய்ந்தால் பசை, நாற்காலிக் கால் ஆடினால் பசை. இப்போது செத்துப்போன மனுஷியின் படத்தைக்கூடப் பசையை நம்பித்தான் மாட்டுவார்களாம்.

ஆயுசு முழுக்க இரும்பை நெருப்பால் இணைத்துச் சோறு தின்ற வெல்டர் பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் கையில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

"இதுவா உங்கம்மாவைத் தாங்கும்? அவ உசுரோட இருந்தப்ப என்னாலயே தாங்க முடியல."

"வாடகை வீடுப்பா. ஓட்டை போட்டா வீட்டுக்காரர் குதிப்பாரு."

"குதிக்கட்டும். கால் வலிச்சா நிறுத்திடுவாரு."

சுத்தியலோடு ஹாலுக்குப் போனார். மகன் சுவரை மறைத்து நின்றான். "அடிங்க. என் நெத்தியில அடிங்க."

"அங்க அடிச்சா ஆணிதான் வளையும்."

மருமகள் சிரிப்பை முழுங்கினாள்.

கேமராவைக் கண்டாலே முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறவள் அவர் பெண்டாட்டி. வேலை பார்த்த தையல் கூடத்தில் யாரோ கூப்பிட, சட்டென்று திரும்பிய நொடியில் வசமாகச் சிக்கிவிட்டாள். பாதிச் சிரிப்பு, பாதிக் கோபம், பல்லிடுக்கில் ஒரு நூல். அவளுக்கென்று இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். போன மாதம் மகன் கண்ணாடி துடைக்கிறேன் பேர்வழி என்று மருந்தைப் படத்தின் மேலேயே பீய்ச்சினான். அது சட்டத்து இடுக்கில் இறங்கி, தோளிலிருந்து காதுவரை கறையாகப் படர்ந்துவிட்டது. தப்பித்தது முகம் மட்டும். விழுந்து கண்ணாடி உடைந்து கீறினால் அதுவும் போச்சு.

"போன்ல ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்ல?" என்றான் மகன்.

"அது படத்தோட படம்டா."

மருமகள் சுவரை ஈரமில்லாமல் துடைத்து, கொக்கியை அழுத்தி ஒட்டினாள். "மாமா, ராத்திரி இது காயட்டும். காலையில உங்க சாமான் பையை மாட்டுங்க. விழுந்துச்சுன்னா நானே ஆணி எடுத்துத் தரேன், வீட்டுக்காரர்கிட்டயும் நானே பேசிக்கறேன்."

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எரிச்சலாகவும் இருந்தது.

காலையில் சுத்தியல், இடுக்கி, ஸ்பானர் எல்லாம் போட்ட பையை மாட்டிவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காபியும் அங்கேதான், சாப்பாடும் அங்கேதான். பை அசையவில்லை. எழுந்துபோய் வாசற்கதவைப் படாரென்று சாத்திப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்தார். பை கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது.

சாயங்காலம் மகன் வந்தான். "என்னப்பா, தோத்துட்டீங்களா?"

பெரியவர் பையை இறக்கினார். கொக்கியைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். வரவில்லை.

"நிக்குது. இன்னிக்கு நிக்குது."

"இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

"சாமான் விழுந்தா பொறுக்கி வெச்சுக்கலாம். உங்கம்மா விழுந்தா?"

மருமகள் மெல்லக் கேட்டாள்: "அப்ப எத்தனை நாள் பாக்கணும் மாமா?"

"நான் இருக்கற வரைக்கும். அப்புறம் உங்க இஷ்டம், எச்சில் தொட்டுக்கூட ஒட்டிக்குங்க."

படத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அறைப்பக்கம் நடந்தவர், வழியில் அந்தக் கொக்கியை ஒருமுறை முறைத்துவிட்டுப் போனார்.