சுகிர்தபாயின் சாய்ப்பு

உதியன்குளங்கரை ஜங்ஷனுக்கு வெயில் போதவில்லை என்று கண்டுபிடித்தவர் ஒரு சீமைப் படிப்புக்காரர். பட்டணங்களை எப்படிக் கட்டவேண்டும் என்று இரண்டு வருடம் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். திருவனந்தபுரத்தில் மாதிரி நகரத் திட்ட அலுவலகம் என்று ஒன்றைத் திறந்து, அவருக்கு ஒரு ஜீப்பும் ஒரு காம்பஸ் பெட்டியும் கொடுத்திருந்தார்கள். கையில் காம்பஸ் இருக்கும்போது மனிதர் சும்மா இருப்பாரா? கண்ட இடத்திலெல்லாம் வட்டம் போட்டுத் தள்ளினார். ஜனங்கள் அவருக்கு வட்டம் சார் என்று பேர் வைத்தார்கள்.

1955 மாசியில், மலையாளக் கணக்கில் கும்ப மாதத்தில், அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் ஊர்வலத்தின்மேல் போலீஸ் துப்பாக்கி வெடித்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஊர் தமிழ்நாட்டோடு சேருமா, திருவிதாங்கூர்-கொச்சியிலேயே கிடக்குமா என்று ஆளாளுக்கு வயிற்றில் நெருப்போடு திரிந்த நேரம். வட்டம் சாருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? சுவரில் வண்ணப் படத்தை மாட்டிக் குச்சியால் தட்டினார். நடுவில் வட்டப் பூங்கா. அதைச் சுற்றி வட்டச் சாலை. ஊரைச் சுற்றிப் பச்சை வளையம். சாலையிலிருந்து முப்பது அடிக்குள் ஒரு கூரையும் இருக்கக்கூடாது, வீட்டு முகப்புகளில் சூரியன் தாராளமாக விழவேண்டும். புகையும் பனியும் மூடிய தேசத்தில் எவரோ வெயிலுக்கு ஏங்கி எழுதி வைத்ததை, கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே தானம் செய்துகொண்டிருந்தார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுகிர்தபாய்க்கு முப்பது அடி என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. ஜங்ஷனில் அவளுக்கு ஒரு சாயாக்கடை உண்டு. கடையின் முன்சுவரிலிருந்து ரோட்டுப்பக்கம் சரித்து இறக்கிய ஓலைக்கூரை, அதைத் தாங்க நாலு கமுகந் தூண். அந்தப் பக்கத்தில் அதற்குச் சாய்ப்பு என்று பேர். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதன் கீழ்தான் ஒதுங்குவார்கள். ஒதுங்கியவர்கள் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒரு சாயா குடிப்பார்கள், மரச்சீனிக் கிழங்கு கேட்பார்கள். அவள் புருஷன் ராஜதாஸுக்குப் போன ஆகஸ்டு ஊர்வலத்தில் போலீஸ் தடி விழுந்து வலது கை விளங்காமல் போயிருந்தது. சாய்ப்பு போனால் கடை போகும், கடை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

அவள் எழுந்து கேட்டாள். "சாறே, பஸ்ஸுக்கு நிக்கிய ஆளுவ எங்க நிக்கும்?"

"புல்வெளியில்."

"மழை பெய்தா?"

"அதெல்லாம் பிளானில் வரும்" என்றார் வட்டம் சார். மழை அவருடைய பிளானில் வரும்! அவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு வாரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முப்பது அடிக்குள் இருக்கும் சாய்ப்புகளைப் பிரித்துவிட வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் மனு கொடுக்கலாம். பக்கத்துக் கடைத் தையல்காரர் நேசையனுக்கும் ஒரு சாய்ப்பு உண்டு, அவருடைய மெஷின் கிடப்பதே அதற்குக் கீழேதான். ஏழாம் வகுப்பு வரை மலையாளம் படித்தவர், அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

"சுகிர்தம், ஒனக்க மனுவையும் நான் மலையாளத்தில எழுதித் தாறேன். தமிழில எழுதினா அவன் தூக்கிக் குப்பையில எறிவான், கேட்டியா."

"எனக்க மாப்பிள கை எதுக்கு ஒடிஞ்சதுண்ணு மறந்துபோச்சா அண்ணே? எனக்க மனு தமிழிலதான் போவும்."

அவளே எழுதினாள். "என் தகப்பனார் காலந்தொட்டு நிற்கும் சாய்ப்பை எடுக்கக்கூடாது. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர்களுக்கு அதுவே தஞ்சம். அது போனால் எங்களுக்கு வேறு கதியில்லை."

நேசையனுக்குப் பத்து நாளில் பதில் வந்தது. தெளிவான மலையாளத்தில் எழுதிய மனுவைத் தெளிவாகப் படித்துத் தெளிவாகத் தள்ளியிருந்தார்கள். மறுநாளே ஆட்கள் வந்து அவர் சாய்ப்பைப் பிரித்துப் போட்டார்கள். நேசையன் வெயிலில் மெஷினோடு உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

சுகிர்தபாய்க்கு மலையாளத்தில் வந்த கடிதத்தை அவர்தான் படித்தார். படித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "சுகிர்தம், இது என்ன கூத்து! ஒனக்க அப்பன் காலத்திலயிருந்து இஞ்ச நிக்கிய சாயிப்பு ஆருண்ணு கேக்கியான். எந்த நாட்டுக்காரன், கல்லறை உண்டாண்ணு கேக்கியான். வட்டம் சாறு நேரில பாக்க வாறாராம்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மலையாளத்தில் வெள்ளைக்காரனைக் குறிக்கும் சாயிப்புக்கு முதல் எழுத்து ஸ, ஓலைக்கூரைச் சாய்ப்புக்கு ச. தமிழில் இரண்டுக்கும் அதே ச. தமிழ் அரைகுறையாகத் தெரிந்த எவனோ ஒரு குமாஸ்தா, வழிப்போக்கர்களுக்குத் தஞ்சம் கொடுத்த வெள்ளைக்காரப் புண்ணியவான் ஒருவரை அவள் மனுவுக்குள்ளிருந்து உயிரோடு எழுப்பிவிட்டான். சுகிர்தபாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேசையன் சிரிக்கவில்லை. பிரிந்து கிடந்த தன் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வட்டம் சார் நட்டுச்சை வெயிலில் வந்து இறங்கினார். ஜீப்பிலிருந்து கடைக்குப் பத்தடி. அதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நேரே சாய்ப்புக்குக் கீழே வந்து நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எவிடே சாயிப்பு?"

சுகிர்தபாய் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

"இஞ்சதான் சாறே. சாறு நிக்கிய இடந்தான்."

மனிதர் தீயை மிதித்ததுபோலத் துள்ளி விலகினார். அவசரமாகக் குனிந்து ஷூக்களைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாணம் மெழுகிய தரையில் வெறுங்காலோடு தலைகுனிந்து நின்றார். தமிழன் செத்த இடத்தில் செருப்பைக் கழற்றாத கூட்டம்!

பிறகு அவருக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். வெளியே வெயிலில் நின்ற நேசையனை நோக்கித் திரும்பினார். "இவர் பறயுன்னது சரியாணோ?"

சுகிர்தபாய் நேசையனைப் பார்த்தாள். மலையாளம் படித்த மனிதர். சாய்ப்பை இழந்த மனிதர். சொல் ஒன்று பிசகினால் இன்றைக்கே நாலு தூணும் மண்ணோடு வந்துவிடும். நேசையன் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"உள்ளதாக்கும் சாறே. எங்க எல்லாருக்கும் நிழல் தந்த சாய்ப்பாக்கும்."

வட்டம் சார் அங்கேயே படத்தை விரித்து, வட்டச் சாலையின் ஒரு பக்கத்தை ரப்பரால் அழித்துக் கடையைச் சுற்றி வளைத்துவிட்டார். அவருடைய அருமையான வட்டம் அந்த இடத்தில் பல்வலியில் வீங்கிய கன்னம்போலப் புடைத்தது. கிளம்பும்போது, ஷூவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனார்.

ஜீப் மறைந்ததும் சுகிர்தபாய் சொன்னாள், "அண்ணே, மெஷினத் தூக்கிட்டு உள்ள வாரும்."

அவர் வந்து மெஷினைப் போட்டார். அவள் சாயா கொடுத்தாள். சிரிக்கத்தான் நினைத்தாள், முடியவில்லை. "நான் உயிரோட இருந்து எழுதினேன், அது அவனுக்குக் கேக்கல. இல்லாத வெள்ளைக்காரன் பேரு கேட்ட உடனே ஓடி வாறான், பாத்தீரா" என்றாள். நேசையன் சாயாவைக் குடித்துவிட்டு மெஷினில் நூல் கோத்தார்.

மேட மாதத்தில், சித்திரை வெயிலில், ஒரு கல்லைக் கொண்டுவந்து சாய்ப்பின் முன்னால் நட்டார்கள். இங்கிலீஷிலும் மலையாளத்திலும் வெட்டியிருந்தது. தமிழில் ஒரு எழுத்து இல்லை. சாயிப்பு நினைவிடம், சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர் என்று எழுதியிருப்பதாக நேசையன் படித்துச் சொன்னார். கல் நல்ல உயரம். சுகிர்தபாய் அன்று சாயங்காலமே சாயா அரிக்கும் துணியைக் கசக்கிப் பிழிந்து, அதன்மேல் காயப்போட்டாள்.