கோஃபுவுக்கு மலிவு வழி

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிறைந்து வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்துவேன். கீழே போய்ப் பால் வாங்குவேன். கால் லிட்டர் போதும். கடைக்காரர் பழக்கத்தில் அரை லிட்டர் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார். வாங்கிக்கொள்வேன். காபி போடுவேன். மீதிப் பாலை உறை ஊற்றுவேன். தயிர் சேர்ந்துகொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை கொட்டுவேன். குளிப்பேன். இரண்டு தோசை. ஒரு சட்டைக்கு இஸ்திரி. அல்லிநகரத்திலிருந்து வேலைக்கு நடந்தே போய்விடலாம். சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனியில் கிளை மேலாளர் நான். கிளையில் என்னைத் தவிர இரண்டு பேர்.

ஒரு வருடமாக இதில் மாற்றம் இல்லை. செப்டம்பரில் ஒரு வாரம் மட்டும் இருக்க மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். யாரும் நம்பவில்லை.

ரோஸ்லினும் நானும் ஜப்பானில் கோஃபு என்ற ஊருக்குப் போவதாக இருந்தோம். ரோஸ்லின் என் மனைவி. அவள் அப்பா பீட்டர்ராஜுக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள். ஒரு நாள் செல்போனில் கோஃபுவைக் காட்டினாள். சுற்றிலும் மலை, நடுவில் ஊர், ஊரை ஒட்டித் திராட்சைப் பந்தல். கொத்து ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு குடை மாட்டியிருந்தார்கள்.

"அம்புட்டு தூரம் பறந்து போயி, மறுபடியும் திராட்சைத் தோட்டத்தயா பாக்கணும்?" என்றேன்.

"டோக்கியோ டவரப் பாத்து எனக்கு என்னா தெரியும்? இதப் பாத்தா குத்தஞ்சொல்லவாவது தெரியும்ல," என்றாள்.

எங்கள் சம்பளத்துக்கு மலிவு வழி ஒன்றுதான் இருந்தது. குமுளி ஏறிக் கொச்சி. கொச்சியிலிருந்து கோலாலம்பூரில் மாறி டோக்கியோ. அங்கிருந்து பஸ். ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்தால் டிக்கெட் பாதி விலை. கோஃபுவில் அறுவடை செப்டம்பரில் என்பதால் அடுத்த செப்டம்பருக்கு இரண்டு டிக்கெட் எடுத்தோம். ரத்து செய்தால் பணம் வராது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அவள்தான் பட்டனை அழுத்தினாள். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். டெங்கு.

தேனியில் பார்த்த ஆஸ்பத்திரியில் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் அவளோடு நான் மட்டும் இருந்தேன். அவள் வீட்டார் பின்னால் காரில் வந்தார்கள். ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு விசாவுக்கு விண்ணப்பித்தேன். அதில் மனைவியை இழந்தவர் என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போட்டேன். விசா வந்தது.

முதல் வருட நினைவுத் திருப்பலி, கிரானைட் பதித்த கல்லறையைச் சாமியார் மந்திரிப்பது, ஊருக்குச் சாப்பாடு. மூன்றும் அவள் இறந்த தேதியில் என்று அவள் வீட்டில் முடிவு செய்தார்கள். அந்தத் தேதியில் நான் கோஃபுவில் இருப்பேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். ரோஸ்லினின் அண்ணன் ஜாஸ்பர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"மாப்ள, கல்லறத் துணிய விலக்குறது புருசன்தான். நீங்க இல்லாம யாரு விலக்குவா?"

"நீங்க விலக்குங்க மச்சான்."

"ஊரு கேக்கும்ல?"

"ஜப்பான் போயிருக்கார்னு சொல்லுங்க."

"சொல்லுவமே. பொண்டாட்டி செத்த வருசம் திரும்பல, மாப்ள மீனு திங்க ஜப்பானுக்குப் போயிருக்காகன்னு கோயில் மைக்லயே சொல்லிருவம்."

"மீனு வெல அதிகம் மச்சான். சோத்து உருண்டதான்."

மாமா பீட்டர்ராஜ் சிரித்துவிட்டார். அத்தை மதலேனாள் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஜாஸ்பர் தன் செல்போனை என் முன்னால் வைத்தார். நினைவு அட்டைக்கு அச்சகத்தில் வடிவமைத்து அனுப்பியிருந்தார்கள். சிலுவை, ரோஸ்லினின் கல்யாணப் போட்டோ, தேதிகள். கீழே சாய்ந்த எழுத்தில் ஒரு வரி. 'அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள்: ரோஸ்லினின் கடைசி வார்த்தை.'

"இத யாரு சொன்னா?" என்றேன்.

"தங்கச்சி சொன்னது."

"யாருகிட்ட?"

"எங்கிட்டத்தான்," என்றார் அத்தை. "வண்டில ஏத்தும்போது."

"வண்டில ஏத்தும்போது நீங்க மருந்துக்கடையில நின்னீக அத்தை."

"நின்னா? பெத்தவ காதுல விழுகாதா?"

ஜாஸ்பர்தான் மறுபடி ஆரம்பித்தார். "அவ கடைசியாச் சொன்னதுக்காவது ஒரு மரியாத குடுங்க மாப்ள. தனியா விடாதீகன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. நீங்க தனியாக் கடலத் தாண்டுவேங்கிறீக."

"அவ அப்பிடிச் சொல்லல. வண்டில நான்தான் இருந்தேன். அந்த வரிய எடுங்க."

"அப்ப என்னா சொன்னா? சொல்லுங்க. அதையே போடுவம்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க போட்டுருவீக."

அவர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். "படிச்ச திமிரு," என்றார். நான் மறுக்கவில்லை.

எழுந்து போய்விட நினைத்தேன். கோபித்துக்கொண்டு போனால் சமாதானம் பேச ஆள் அனுப்புவார்கள். அதனால் உட்கார்ந்தே இருந்தேன். கறிக்குழம்பு ஊற்றி முழுச் சாப்பாடும் சாப்பிட்டேன். மறுசோறும் கேட்டேன். அத்தை முகத்தைப் பார்க்காமல் போட்டார்.

பஸ் ஏற்ற மாமா கூட வந்தார். பஸ் வந்ததும் கேட்டார், "அங்கன ஒரு கொடிக்கு எத்தன கொத்து விடுறாகன்னு பாத்துட்டு வாங்க."

"போக வேணாம்னு சொல்லலையா மாமா?"

"சொன்னாக் கேக்கவா போறீக?"

முதல் விமானத்தில் பக்கத்து இருக்கை காலி. அவளுடையது. அதில் பையை வைத்தேன். பணிப்பெண் வந்து மேலே வைக்கச் சொன்னார். அந்த இருக்கைக்கும் காசு கட்டியிருக்கிறேன் என்றேன். இருந்தாலும் பை மேலேதான் இருக்க வேண்டும் என்றார். வைத்தேன். இரண்டாவது விமானத்தில் அந்த இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்து, டோக்கியோ வரை தூங்கினார்.

கோஃபுவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஆறு பேர் படுக்கும் அறையில் எனக்கு மேல் கட்டில். காலையில் கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை. சாயங்காலம் பெரிய கடைகளில் மிஞ்சிய டப்பாச் சாப்பாட்டின் மேல் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதற்காகக் கூடை பிடித்துக் காத்திருந்த உள்ளூர்க் கிழவர்களோடு நானும் நின்றேன். அவர்கள் யாரும் என்னை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. குடிக்கக் குழாய்த் தண்ணீர். எங்கேயும் நடைதான். தெற்கு மலைக்குப் பின்னால் ஃபூஜி எரிமலையின் தலை தெரியும் என்றார்கள். மேகமாக இருந்தது. தெரியவில்லை. காத்திருக்கவும் இல்லை.

அவள் இறந்த தேதியன்று காலையில் கிழக்கே நடந்தேன். வீடுகள் முடியும் இடத்தில் தோட்டங்கள் தொடங்கின. ஒன்றின் வாசலில் திராட்சைப் படம் போட்ட பலகை இருந்தது. உள்ளே போனேன். பந்தல் எங்கள் ஊரைவிடத் தாழ்வு. குனிந்து நடக்க வேண்டியிருந்தது. கல்தூணுக்குப் பதிலாக இரும்புக் குழாய் ஊன்றியிருந்தார்கள். காகிதக் குடைக்குக் கீழே பச்சைக் கொத்துகள், ஒன்றுபோல இன்னொன்று.

கம்பம் பக்கம் தோட்டத்துக்குள் வருகிறவர் யாரானாலும் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். என் கையும் அதைச் செய்துவிட்டது.

தோட்டக்கார அம்மாள் ஓடி வந்தார். திட்டவில்லை. கொத்தைத் தொட்டு, பழம் போன பொக்கையைக் காட்டினார். ஒரு பல் விழுந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். இனி அதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று புரிந்தது. கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டினார். என் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. கொடுத்தேன். கொத்தை வெட்டிக் காகிதத்தில் சுற்றப் போனார். வேண்டாம் என்று கை காட்டி, அங்கேயே நின்று தின்ன ஆரம்பித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

கொட்டை இல்லை. கடித்ததும் தோல் வெடித்தது. இனிப்புக்கு மேல் இனிப்பு. புளிப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. குற்றம் கண்டுபிடித்துவிட்டேன். சொல்லத்தான் ஆள் இல்லை.

செல்போன் அடித்தது. வீடியோவில் மாமா. ஊரில் திருப்பலி முடிந்திருந்தது.

"பந்தலக் காட்டுங்க மாப்ள. கையத் தூக்கி வைங்க, ஒசரம் தெரியட்டும்."

காட்டினேன்.

"எத்தன கொத்து விடுறாக?"

"ஒரு கெளைக்கு ஒண்ணுதான் மாமா."

"மத்ததெல்லாம்?"

"பிஞ்சுலயே வெட்டிர்றாக."

"கிறுக்குப் பயலுக," என்றார். முகம் நகர்ந்தது. அத்தை செல்போனை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் கறுப்புக் கிரானைட்டும் மெழுகுவர்த்திகளும் தெரிந்தன.

"துணிய நான்தான் விலக்குனேன்," என்றார். "ஜாஸ்பர விடல."

"சரி அத்தை."

"கார்டுல அந்த வரி இல்ல. வெறும் போட்டோதான். எடுக்கச் சொல்லிட்டேன். அவன் எங்கூடப் பேசுறதில்ல."

செல்போனை இன்னும் பக்கத்தில் பிடித்தேன்.

"நீங்க சொன்னது நெசந்தான். மருந்துக்கடையிலதான் நின்னேன். எனக்குன்னு ஒரு வார்த்தகூடச் சொல்லாமப் போயிட்டாளே. அதான் நானாச் சொல்லிக்கிட்டேன்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு எடுத்தார். "கல்லுல போட மாட்டேன் மாப்ள. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். என்னா சொன்னா?"

பாதிக் கொத்து கையில் இருந்தது. மாமா நகர்ந்துவிட்டாரா என்று கேட்டேன். நகர்ந்துவிட்டார் என்றார். அதன்பிறகு சொன்னேன். ஆண்டிபட்டிக்குச் சற்று முன்னால், வண்டி ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டதும் அவள் கண்ணைத் திறந்தாள். ஆக்சிஜன் முகமூடியைத் தானே விலக்கினாள். என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏலே, அழுகுறதுன்னா மூக்கச் சிந்திட்டு அழு. எம்மேல ஒழுகுது."