ஸ்டோர்க்காரரின் போர்க்கதை

தெருவில் எல்லோரும் அவரை மிலிட்டரி என்றுதான் கூப்பிட்டார்கள். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். ஆனால் சண்டை நடந்த பக்கம் அவர் போனதே இல்லை. மலையடிவாரத்து ஸ்டோரில் போர்வை, பூட்ஸ், மழைக்கோட்டு எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஆள் உள்ளே நுழையும்போதே கால் அளவைச் சொல்லிவிடுவார்.

"பதினேழு வருஷத்துல இவர் சுட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் ஸ்டவ்வுல தன் கையை" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஓய்வு பெற்று வந்ததும் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வேலை கிடைத்தது. ஒரு கோடையில் அவர் தெருப் பிள்ளைகளாகவே வாந்தி பேதியோடு வரிசையாக வந்தார்கள். குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்திருந்தது. மிலிட்டரி ஒரு மனு எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார். நகராட்சி அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்தார். கடைசியில் குழாயை மாற்றினார்கள்.

"பேசாம நீங்களே கவுன்சிலருக்கு நிக்கலாமே" என்று சலூன்காரர் விளையாட்டாகச் சொன்னார். அந்தப் பேச்சு மிலிட்டரியின் மனசில் ஒட்டிக்கொண்டது. தெருமுனையில் எந்தக் கட்சியின் அலுவலகம் இருந்ததோ அதில் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருஷம் நாற்காலி போட்டார், வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தார், செயலாளர் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

தேர்தல் நெருங்கியபோது செயலாளர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அண்ணே, குழாயை வச்சு ஓட்டு வாங்க முடியாது. தண்ணி வந்த மறுநாளே ஜனங்க மறந்தாச்சு. நீங்க ராணுவம். அதைச் சொல்லுங்க."

"நான் ஸ்டோர்ல இருந்தேன் தலைவரே."

"ஸ்டோர் மலையிலதானே இருந்தது?"

"மலைக்குக் கீழே."

"கீழே இருந்தவர் ஒரு நாள்கூடவா மேலே ஏறலை?" என்று செயலாளர் சிரித்தார்.

முதல் கூட்டம் சந்தை ஓரத்தில் நடந்தது. அறுபது நாற்காலிகளில் பாதி காலி. அவர் குழாயைப் பற்றித்தான் ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒருவர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். இருவர் எழுந்து போனார்கள். உடனே அவர், தன் பிரிவில் இருந்த ஒரு டிரைவரின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மலைமேல் குண்டு விழுந்து சாலை துண்டாகிப்போன நாளில், அடிபட்ட ஒருவனைப் போர்வையால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு ஆறு மைல் இறங்கி வந்தவன் அந்த டிரைவர். இன்னொருவனைத் தூக்கிவர மறுபடி ஏறிப் போனவன் திரும்பவில்லை.

சொல்லச் சொல்லக் கூட்டம் அடங்கியது. போன் பார்த்தவர் தலை நிமிர்ந்தார். கதையின் நடுவில் எங்கேயோ 'டிரைவர்' என்பது 'நாங்க' என்றாகி, 'நாங்க' என்பது 'நான்' என்றானது. எந்த இடத்தில் மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. ஆறு மைல் இறங்கி வந்ததோடு கதையை முடித்துக்கொண்டார். கைதட்டல் ஓய வெகுநேரம் பிடித்தது.

மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும், கையில் செருப்போடு நின்றபடியே கேட்டாள்.

"அந்தக் கதையை நீங்க எனக்கு லெட்டர்ல எழுதியிருந்தீங்க. அது அந்த டிரைவர்தானே?"

"ஒரே ஒரு தடவைதான். சீட்டு கிடைக்கட்டும், அப்புறம் இதைத் தொடவே மாட்டேன்."

"ம்" என்றாள். அதற்குப் பிறகு ஸ்டவ் ஜோக்கை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் பதினான்கு மேடைகள். யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, போன் போனாகப் பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நரைத்த கொண்டையும் துணிப்பையுமாக ஓர் அம்மாள் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"வீடியோவில பாத்தேண்ணே. அதே மலை, அதே மாசம். என் வீட்டுக்காரரும் அங்கதான் டிரைவரா இருந்தார். நீங்க பாத்திருப்பீங்க இல்ல? கடைசியா ஏதாவது சொன்னாரா?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

வந்தவள் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். ராணுவத்திலிருந்து வந்தது, நாலே வரி: அந்த டிரைவரின் பெயர், அடிபட்டவர்களை மீட்கப் போனபோது இறந்தார் என்ற செய்தி. "இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான். கூட இருந்தவங்க யாரையும் நான் பாத்ததே இல்லை."

கண்ணீர் விட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். அவளோ பிள்ளையின் மார்க்கை வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி, ஆவலோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அங்க இல்லைம்மா" என்றார். "கீழே ஸ்டோர்ல இருந்தேன். அன்னிக்குக் காலையில அவர் வந்து ஒரு போர்வை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அப்போ முதுகுல கட்டித் தூக்கிட்டு வந்தது?"

"அவர்தான்."

அவள் கடிதத்தை மடித்தாள். மடிப்பு சரியாக அமையவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"உங்களுக்கு என்ன கஷ்டமோ, எனக்குத் தெரியாது. மேடையில ஒரே ஒரு தடவை அது அவர்னு சொல்லிடுங்க. போதும்."

"சொல்றேன்மா. வர்ற பெரிய கூட்டத்துலயே சொல்றேன். நீங்களும் வாங்க."

அவள் வந்தாள். ஓரமாக நடுவரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேட்பாளரை முடிவு செய்கிறவர்கள் மேடையில் இருந்தார்கள். மிலிட்டரி மைக்கைப் பிடித்து, "நான் ஒரு டிரைவரைப் பத்திச் சொல்லணும்" என்று தொடங்கினார். கீழே இருந்து ஒருவன், "உங்க கதையைச் சொல்லுங்கண்ணே!" என்று கத்தினான். விசில் பறந்தது. செயலாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மிலிட்டரி மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"மலையில அன்னிக்குக் குண்டு விழுந்துட்டிருந்தது. நான்..."

ஆறு மைலும் இறங்கி முடித்துப் பார்த்தபோது நடுவரிசையில் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

நாலு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. சீட்டு மார்பிள் கடைக்காரருக்கு. அவர் கட்சியில் சேர்ந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

"மேலிடத்து முடிவுண்ணே. அடுத்த தடவை கண்டிப்பா உங்களுக்குத்தான்" என்றார் செயலாளர். "இப்போ பிரசார வண்டியில நீங்க கூட நின்னா அவருக்கு ஒரு கெத்து. யூனிஃபார்ம் இருக்கில்ல?"

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே அந்த அம்மாள் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டார். மூன்று தடவை யாரும் எடுக்கவில்லை. நாலாவது தடவை அவள் மகன் எடுத்தான்.

"அம்மா பேச மாட்டாங்க சார். எங்க தெருவுலயும் எல்லாரும் உங்க வீடியோவைப் பாத்துட்டாங்க. உங்கப்பா செஞ்சதா உங்கம்மா சொன்னது இவர் செஞ்சதாமேன்னு கேக்கறாங்க. அம்மா லெட்டரைக் காட்டினா, ராணுவத்துல ஆள் மாத்தி எழுதியிருப்பாங்கன்னு சொல்றாங்க. இனிமே போன் பண்ணாதீங்க."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க. நான் எடுக்கிறேன், கொண்டாங்க போனை."

"போட்டா அடுத்த தடவையும் கிடைக்காது."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பட்டாணித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிரசாரத்தின் கடைசி நாள் மிலிட்டரி வண்டியில் நின்றார். யூனிஃபார்ம் இடுப்பில் பிடித்தது. அவர் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கூலிக்குப் பேச வந்தவன் மைக்கில் முழங்கிக்கொண்டே வந்தான். அவன் வாயில் ஆறு மைல் பத்தானது. முதுகில் ஒருவன், தோளில் ஒருவன், கையில் ஒருவன் என்று மூன்று பேரானார்கள். மாடியில் நின்ற ஒரு பெண் குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து அவரைக் கும்பிட வைத்தாள். அவரும் கும்பிட்டார்.

சிக்னலில் வண்டி நின்றபோது ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "சார், அன்னிக்கு உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் மிலிட்டரி. வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பியது.