கமிஷன் இல்லாத கார்டு

குழாய் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கும் ஆளோடு வெளிநாட்டுச் சுற்றுலா போகாதீர்கள். போயே தீர வேண்டும் என்றால் அவருக்குப் பெண்டாட்டியாக மட்டும் போகாதீர்கள். நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

இந்த மனிதருக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் 'கமிஷன்' என்று பெயர். வைத்தது மச்சினி, அதாவது அவர் மனைவியின் தங்கை. வாஷிங் மெஷின் வாங்கினாலும் சரி, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் சரி, மனிதர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "இதுல அவனுக்கு எவ்வளவு கமிஷன்?" என்பதுதான். "மாமா, நீங்க மூச்சு விட்டாக்கூட மூக்குக்கு எவ்வளவு கமிஷன்னு கேப்பீங்க" என்று அவள் ஒருநாள் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியே முறைத்தாலும் உள்ளூர அவருக்கு அதில் பெருமை.

மனைவி ஒரு பெரிய மருந்துக்கடையில் காசாளர். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஊரார் கார்டுகளை மெஷினில் தேய்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள்கூடக் கல்லாவில் கணக்கு உதைத்ததில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்து முதல்முறையாக இரண்டு பேரும் கடல் தாண்டினார்கள். பாதிச் செலவு அவள் சேர்த்து வைத்த பணம். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

கமிஷன் இந்தப் பயணத்துக்குப் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பார். எந்த பாங்க் கார்டுக்கு வெளிநாட்டில் கட்டணம் கிடையாது, எந்த ஏடிஎம் எவ்வளவு பிடிக்கும், எல்லாம் மனப்பாடம். போய் இறங்கிய விமான நிலையத்தில் பணம் மாற்றும் கவுன்டர் முன்னால் நின்று, பளபளவென்று எரிந்த விலைப் பலகையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"பட்டப்பகல் கொள்ளை. பாத்துக்கோ. இங்க மாத்துறவன் முட்டாள்."

"ஏங்க, கொஞ்சமாவது மாத்தி வச்சுக்கலாமே. சின்னச் செலவுக்கு ஆகும்."

"சின்னச் செலவுலதான் பெரிய ஓட்டை விழும். என் கார்டு இருக்கு, வா."

அவளிடம் ஜிப் வைத்த குட்டிப் பர்ஸ் ஒன்று இருந்தது. இரண்டு வருஷம் முன்னால் அதே நாட்டுக்குப் போய் வந்த தங்கை, மிச்சமான நாணயங்களை அதில் போட்டுக் கொடுத்திருந்தாள். "அக்கா, அங்க எதுக்கெடுத்தாலும் சில்லறை கேப்பாங்க, கையிலயே வச்சுக்கோ" என்று சொல்லியும் இருந்தாள்.

போன இடத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்தத் தொப்பிக் கடை வரைக்கும். வெயிலுக்கு ஒரு தொப்பி பிடித்துப்போய், அவள் தன் சம்பளக் கார்டையே நீட்டினாள். எந்தப் பணத்தில் கட்டுகிறாய், உன் ஊர்ப் பணத்திலா, இந்த ஊர்ப் பணத்திலா என்று மெஷின் கேட்டது. நம்ம ஊர்க் கணக்கு என்றால் சட்டென்று புரியுமே என்று அவள் அதை அமுக்கிவிட்டாள். அமுக்கியது தப்புதான். அப்படி அமுக்கினால் கடைக்காரனுடைய பாங்க் தன் இஷ்டத்துக்கு மாற்று விலை போடும். ஆனால் அதற்காக?

"அறிவிருக்கா உனக்கு? தினம் இதையேதானே தேய்க்கிற! எந்த ஊர்ல இருக்கோமோ அந்த ஊர்ப் பணம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல ஏறவே இல்லையா?"

கடைப் பெண்ணுக்குப் பாஷை புரியாது. குரல் புரிந்தது. அவள் தொப்பியை மடித்துப் பையில் போடுவதுபோல் குனிந்துகொண்டாள். மனைவி அந்தத் தொப்பியை அதற்குப் பிறகு தலையில் வைக்கவே இல்லை.

அன்றைக்கு அறைக்கு வந்து அவள் பல் விளக்கப் போன சமயத்தில், கமிஷன் போனைத் திறந்தார். இரண்டு பேர் கணக்கும் அவர் போனில்தான், பாங்கில் பதிந்த போன் எண்ணும் அவருடையதுதான். அவள் கார்டுக்குக் கீழே 'வெளிநாட்டுப் பயன்பாடு' என்று ஒரு பட்டன். ஒரு விரலால் தொட்டார், அணைந்தது. மறுபடி தப்பாக அமுக்கினால் வீண் நஷ்டம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று அவளிடம் சொல்லவில்லை.

அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தப் பர்ஸும் அவர் கண்ணில் பட்டது. "நாணயத்தை எந்த கவுன்டர்லயும் திருப்பி வாங்க மாட்டான். ஊருக்குக் கொண்டுபோய் என்ன பண்ணுவ? பல்லாங்குழியா ஆடப்போற?" என்று சொல்லி, எல்லாவற்றையும் கொட்டி ஒரு டீக்கடையில் தீர்த்தார். டீக்காரர் எண்ணி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. கமிஷனுக்கு அன்று பரம திருப்தி.

மறுநாள் ரயிலேறி, விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரில் கடைசி இரவு தங்குவதாக ஏற்பாடு. அங்கே விடுதிக்காரர், ரொக்கமாகக் கொடுத்தால் வாடகையில் தள்ளுபடி என்று எழுதியிருந்தார். தள்ளுபடி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நம் ஆள் சும்மா இருப்பாரா? ரயில் நிலையத்துக்குள்ளேயே ஒரு ஏடிஎம் இருந்தது. அதில் கட்டணம் பிடிப்பார்கள். நாலைந்து தெரு தள்ளி இன்னொன்று, கட்டணமே கிடையாது.

"நீ இந்தப் பெஞ்சில பெட்டியப் பாத்துக்கிட்டு இரு. இதோ வந்துடுறேன்."

"ஏங்க, சீக்கிரம் வந்துடுங்க. காலைல மாத்திரை போட்டிருக்கேன்."

ரத்த அழுத்தத்துக்கு அவள் சாப்பிடும் மாத்திரை அது, சிறுநீர் அடிக்கடி வரும். கமிஷன் காதில் அது விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. அவள் போனுக்கு அந்த ஊர் சிம்மும் வாங்கவில்லை. ரெண்டு பேரும் ஒன்றாகத்தானே இருக்கப்போகிறோம், எதற்கு இரண்டு என்பது அவர் கட்சி.

அந்த ஏடிஎம்மில் நீள வரிசை. இலவசம் என்றால் எந்த ஊரிலும் வரிசைதான். நின்றுகொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தார். மனைவியின் கார்டு மறுக்கப்பட்டது என்று செய்தி. அடுத்த நிமிஷமே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பிஸ்கட்டோ காபியோ, அம்மணி எதையோ வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தார். நல்லவேளை நிறுத்தி வைத்தோம் என்று நினைத்துச் சிரித்தார். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.

பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் பெஞ்சில் ஆளைக் காணோம், பெட்டிகளையும் காணோம். நடைமேடையின் அந்தக் கோடியிலிருந்து அவள் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"எங்க போன? உயிரே போயிடுச்சு எனக்கு."

"இங்கதான். ட்ரெயின் வந்துடுச்சு, ஏறுங்க."

ரயில் பெட்டியில் பாதி இருக்கைகள் காலி. அவள் உட்காரவில்லை. கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உக்காரேன்" என்று இரண்டு தரம் சொன்னார். "பரவால்ல" என்றாள். தொப்பிக் கடைக் கோபம் இன்னும் தீரவில்லை போல என்று நினைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடுதி அறைக்குள் நுழைந்ததும் அவள் குளியலறைக் கதவைச் சாத்தியவள்தான், வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது கையில் பிழிந்த துணி. ஜன்னல் கம்பியில் வெயில் படும்படி விரித்துப் போட்டாள்.

"நாளைக்கு வீட்டுக்குத்தானே போறோம்? இங்க எதுக்குத் துவைக்கிற?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தங்கச்சிகிட்டகூட."

"என்னத்த?"

"அடக்க முடியலங்க. அங்க டாய்லெட் கேட்டுல காசு போடணும், இல்லன்னா கார்டு வைக்கணும், அப்பதான் தொறக்குது. பர்ஸ்ல ஒரு காசு இல்ல. கார்ட வச்சேன், செவப்பு எரிஞ்சுது. தொடச்சு வச்சேன், திருப்பி வச்சேன், அப்பவும் செவப்பு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. ஒரு அம்மாகிட்ட கை நீட்டிக் கேட்டேன். சைகையிலதான். அவங்க பையை இறுக்கிக்கிட்டு விலகிட்டாங்க. கையேந்திட்டேங்க. அப்புறம், அங்கயே... நின்னபடியே..."

கமிஷன் ஜன்னலில் தொங்கிய துணியைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் தப்பா அமுக்கினேன்ல, அதுல கார்டு லாக் ஆயிடுச்சு போல. நீங்க திட்டுனது சரிதான். எனக்கு இதெல்லாம் வராது." கைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாள். "நீங்களே வச்சுக்குங்க."

வாங்கிக்கொண்டார். ஆமாம், வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதோடு விஷயம் முடிந்தது. அவளுக்கு ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. விடுதிக்காரருக்குப் பணம் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கினார்.

விடுதிக்காரர் ரொக்கத்தை வாங்கி, சொன்னபடி தள்ளுபடியைக் கழித்து, மீதியை அவர் உள்ளங்கையில் வைத்தார். எல்லாம் நாணயங்கள். தங்கை கொடுத்த பர்ஸில் இருந்த அதே மாதிரி நாணயங்கள். ஒன்று போதும், அந்தக் கேட் திறந்திருக்கும். கவுன்டர் ஓரத்திலேயே போனை எடுத்து அந்தப் பட்டனைத் தொட்டார். எரிந்தது. இவ்வளவுதான் வேலை. வரிசையில் நின்றபடியே இதைச் செய்திருக்கலாம். மூன்று தரம் கூப்பிட்டாளே. மூன்று தரமும் பார்த்துவிட்டுச் சிரித்தோமே! நான் மனுஷனா என்று அவருக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மருந்துக்கடையில் ஊரே வரிசை கட்டி நிற்கும் அந்தக் கைக்கு 'எனக்கு வராது' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது யார்? படியேறி அறைக்கு வந்தார்.

"கார்டு லாக் ஆகல" என்றார், கதவைச் சாத்தியதும். "நான்தான் நிறுத்தி வச்சேன்."

"எப்ப?"

"தொப்பி வாங்குன அன்னைக்கு. நீ பல் விளக்கப் போனப்ப."

"என் கார்டையா?"

"ம்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் ஜன்னலில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். கல்லாவில் கணக்கு இடிக்கும்போது யோசிக்கிற முகம்.

"அப்ப மெசேஜ் வந்திருக்குமே" என்றாள். "எங்க கடையில ஒரு கார்டு நின்னா, அந்த ஆளோட போன்தான் மொதல்ல சத்தம் போடும். உங்க நம்பர்தானே குடுத்திருக்கு. வந்துச்சா?"

சிக்னல் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது.

"வந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"நீ ஏதோ வாங்கப் போறன்னு நெனச்சேன். நல்லவேளை நிறுத்தி வச்சோம்னு... சிரிச்சேன்."

கமிஷன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சுடும்மா" என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கை அவர் தலைக்கு வரவில்லை.

"எல்லாம் சேத்து எவ்வளவு மிச்சமாச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசிக் காசு வரை அவருக்குத் தெரியும். சட்டைப்பையிலிருந்த கார்டை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார். அவள் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை.

மறுநாள் விமான நிலையத்தில், எல்லாச் சோதனையும் முடிந்து உள்ளே போனதும், அவள் நேராகப் பணம் மாற்றும் கவுன்டருக்குப் போனாள். அதே மாதிரிப் பலகை, வந்த நாளில் பார்த்ததைவிட மோசமான விலை. நாட்டை விட்டுக் கிளம்பும்போது அந்த நாட்டுப் பணத்தை எவராவது விலை கொடுத்து வாங்குவார்களா? அவள் நம் ஊர் நோட்டை நீட்டி வாங்கினாள். கொடுத்த நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, நாணயமாக வேண்டும் என்று விரலால் காட்டிக் கேட்டாள். கவுன்டர்காரர் ஒருமுறைக்கு இரண்டுமுறை அவளைப் பார்த்துவிட்டு எண்ணிக் கொடுத்தார். கமிஷன் பக்கத்தில்தான் நின்றார். பலகையை அண்ணாந்து பார்க்கவில்லை.

பர்ஸ் உப்பிப்போயிற்று. ஜிப்பை இழுத்து மூடினாள்.

விமானம் மேலே போய்ச் சீட்பெல்ட் விளக்கு அணைந்ததும் அவள் எழுந்தாள். அவர் காலை மடக்கி வழி விட்டார். விமானத்துக் கழிவறைக்கு யாரும் காசு கேட்பதில்லை. ஊரிலிருந்து கிளம்பி வந்த விமானத்திலேயே இரண்டு தரம் போய் வந்தவள்தான், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் குனிந்து, கைப்பையைத் திறந்து, பர்ஸை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.